அவிழ்க்கலாம் என்று சொன்ன முடிச்சு

எமர்ஜென்சி வருஷம் நான் பசுவந்தனைப் பக்கம் கிராம நர்ஸ். ஆண்களைக் குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குக் கூட்டி வரச்சொல்லி மேலிருந்து உத்தரவு. ஆள் பிடிக்காவிட்டால் சம்பளம் நின்றுவிடும். ஜீப்பைக் கண்டாலே ஆண்கள் சோளக்காட்டுக்குள் ஓடினார்கள்.

ஓடாத சம்சாரி ஒருவர்தான். அவர் மகனைப் பிரசவம் பார்த்து எடுத்தவள் நான். அதிலிருந்து என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஒரே பிள்ளையாச்சே என்று தயங்கினார்.

"நரம்புல ஒரு முடிச்சுதான் அண்ணாச்சி. இன்னொரு பிள்ளை வேணும்ங்கும்போது வாங்க, அவுத்து விட்டுருவாங்க" என்றேன்.

அப்பட்டமான பொய். முடிச்சு ஏது, வெட்டியல்லவா விடுவார்கள்! உத்தரவுக்கு நீ என்ன செய்வாய் என்று இன்றைக்கும் எனக்காகப் பேசுகிறவர்கள் உண்டு. நாக்கு என்னுடையதுதானே. நம்பி வந்தார். ஆபரேஷன் முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்து அனுப்பினோம்.

அந்த மார்கழியில் ஊருணித் தண்ணீரால் காலரா வந்தது. தடுப்பூசியும் சலைன் பாட்டிலுமாக அதே ஜீப்பில் போய் இறங்கினோம். வேறு ஜீப் எங்களிடம் இல்லை. இந்தமுறை பெண்கள் முந்திக்கொண்டார்கள். ஊசி போட்டுப் பிள்ளைகளையும் மலடாக்க வந்துவிட்டார்கள் என்று, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சோளக்காட்டுக்குள் ஒளிந்தார்கள். தொண்டை கிழியக் கத்திப் பார்த்தேன். ஒருத்தியும் வெளியே வரவில்லை. வந்த ஆத்திரத்தில், செத்துத் தொலையுங்கள் என்றுகூடச் சொன்னேன். பாவி, நான்தான் சொன்னேன்.

உச்சிவெயிலில் அந்தச் சம்சாரி மட்டும் என்னைத் தேடி ஓடி வந்தார். காலையிலிருந்து பையனுக்கு வயிற்றால் போகிறதாம். அவர் மனைவி அவனோடு காட்டுக்குள் கிடக்கிறாளாம். அவர் முன்னால் ஓட, நான் பாட்டிலோடு பின்னால் ஓடினேன். கரிசல் சேறு காலை விடவில்லை.

அழுகைச் சத்தம் எனக்குக் கேட்டுவிடக் கூடாதென்று அவள் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நாங்கள் கொடுத்த வாளி நிறைய ஊருணித் தண்ணீர். அதைத்தான் அவனுக்குப் புகட்டியிருக்கிறாள். அவள் கையை விலக்கிப் பார்த்தேன். அவன் அழுகை நின்று வெகுநேரமாகியிருந்தது.

அவர் பிள்ளையின் உடலை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தார். என்னை ஏசியிருந்தால் தேவலை.

ஒரு மாதம் கழித்து இருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வெளுத்த வேட்டி, சேலை. அவள் அவருக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

"வேணும்ங்கும்போது வரச் சொன்னீங்கள்லா தங்கச்சி. வந்திருக்கோம். அவுத்து விடச் சொல்லுங்க."

டாக்டர் உள்ளேதான் இருந்தார்.

"இன்னைக்கு டாக்டர் லீவு அண்ணாச்சி. அடுத்த வாரம் வாங்க" என்றேன்.

அடுத்த வாரமும் வந்தார்கள்.