பயமோனில் ஒரு ஹீட்டர்

தம்பி யாமில் இறந்து இரண்டு நாளாகியும் ஒப்துலியோவின் கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை என்பதுதான் பயமோனில் எங்கள் தெருவின் பேச்சு. கல்லுளிமங்கன் என்றார்கள். ஊருக்குக் காட்டித்தான் அழ வேண்டுமா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உள்ளுக்குள் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒப்துலியோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பஸ் டிப்போவில் முப்பது வருஷமாக மெக்கானிக். கல்யாணம் இல்லை, கடன் இல்லை, பேச்சும் இல்லை. கேட்டால் பதில் சொல்வான். யாமில் வாய் ஓயாதவன். அண்ணனுக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான்.

யாமிலின் கார் எண்பத்து நாலாம் வருஷத்து இரண்டு கதவு ஜப்பான் கார், ரோட்டரி எஞ்சின். அந்த எஞ்சினுக்கு எங்கள் தீவே பைத்தியம். அதை வைத்திருந்தவன் செத்தால், சவவண்டிக்குப் பின்னால் முதலில் அவன் காரே போக வேண்டும். கல்லறை வாசலில் எஞ்சினை அலறவிட வேண்டும். ஆனால் ஒருமுறை கொதித்துவிட்டால் அந்த எஞ்சின் அவ்வளவுதான். யாமிலின் காரோ ஆறு மாதமாக ஷெட்டில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் யாமிலின் மனைவி நெரெய்தா வந்தாள். "அத்தான், நாளைக்குக் கார் வருமா? நடுவழியில நின்னா அவருக்கு அசிங்கம்."

"வரும்" என்றான் ஒப்துலியோ.

மாமரத்தடியில் பானட்டைத் திறந்தான். அடுத்த வீட்டுக்காரனான நான் குடிக்க ஒரு மால்ட்டா புட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். ரேடியேட்டரின் மேல் ஹோஸை விரலால் அழுத்தியதும் பொருக்கு உதிர்ந்தது. கீழ் ஹோஸ் உப்பிப்போய் இருந்தது. கிளாம்ப் துருப்பிடித்து அசையாததால் ஹோஸையே கத்தியால் கீறி எடுத்தான். உள்ளேயிருந்து துரு கலந்து காப்பி நிறத்தில் தண்ணீர் கொட்டியது.

"கூலன்ட் ஊத்தவே இல்ல. வெறும் குழாய்த் தண்ணி" என்றான். "இங்க என்ன பனியா கொட்டுது, தண்ணியே போதும்னு அவனுக்குச் சொன்னது நான்தான்." பஸ் நம்பரைப் படிப்பவன் போலச் சொன்னான். நான்தான் மால்ட்டா புட்டியைக் கீழே வைத்தேன்.

எங்கள் தீவில் கார் வாங்கியவன் முதலில் செய்கிற காரியம், எஞ்சினின் கொதிநீரை ஹீட்டருக்குக் கொண்டுபோகும் ஹோஸை அடைத்துவிடுவது. யாமிலும் அடைத்திருந்தான். ஒப்துலியோ அடைப்பைப் பிடுங்கிவிட்டு அங்கேயும் புது ஹோஸ் மாட்டினான்.

"யோவ், பயமோன்ல ஹீட்டரா? கம்பளிச் சட்டையும் கொண்டாரட்டுமா?" என்றேன்.

"ஊர்வலம் ஊர்ந்து போகும். காத்து கிடைக்காது. எஞ்சின் சூட்டை எங்கயாவது தள்ளணுமில்ல?"

சனிக்கிழமை பதினொரு மணி வெயில் மண்டையைப் பிளந்தது. நாற்பது கார்கள் வந்தன. சவவண்டி நடை வேகத்தில் போக, பின்னால் யாமிலின் காரை ஒப்துலியோ ஓட்டினான். பக்கத்தில் நெரெய்தா. அடுத்தது என் டிரக். பாலத்தடியில் பத்து நிமிஷம் அப்படியே நின்றோம். அவன் கார் ஜன்னல்கள் இரண்டும் இறங்கின. எங்கே பானட்டிலிருந்து ஆவி கிளம்புமோ என்று நான் எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டேன். கிளம்பவில்லை.

கல்லறை வாசலில் ஒப்துலியோ ஆக்சிலரேட்டரை அழுத்தினான். எஞ்சின் அலறிய அலறலில் புறாக்கள் கூரையை விட்டுப் பறந்தன. நாற்பது காரும் கூடச் சேர்ந்து அலறின. நான்தான் அழுதேன்.

எஞ்சினை அணைத்துவிட்டு இருவரும் இறங்கினார்கள். இருவர் முகத்திலும் தண்ணீர் தாரையாக வழிந்தது. சட்டைக் காலர்கூட நனைந்திருந்தது. அவன் அத்தை ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அழுடா கண்ணா, இப்பவாச்சும் அழுதியே. கொட்டித் தீத்துடு!" கல்லுளிமங்கன் என்றவர்கள் வரிசையாக வந்து தோளைத் தட்டினார்கள்.

நான் மலர் வளையத்தை எடுக்கக் காருக்குள் கை விட்டேன். அடுப்பைத் திறந்தது போல் அனல் அடித்தது. ஹீட்டர் குமிழ் கடைசி வரை திருகியிருந்தது.

கூட்டம் விலகியதும் ஒப்துலியோ குரலைத் தாழ்த்தினான். "நெரெய்தா, நான் அழலம்மா. ஹீட்டரு."

"தெரியும் அத்தான். நானும் அதே கார்லதான வந்தேன்." அவள் சவப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "துடைச்சுடாதீங்க. குழியை மூடுற வரைக்கும் நம்ம ரெண்டு பேருக்கும் இது இருக்கட்டும்."