மறுத்துச் சொல்லும் கருவி

செவிலியர் பயிற்சிக் கல்லூரியில் மருந்தளவுக் கணக்குப் பாடம் நடத்தும் ஆசிரியைக்கு மாணவிகள் வைத்த பெயர் புள்ளி மேடம். தசமப் புள்ளி இடம் மாறினால் அரை மதிப்பெண்கூடத் தர மாட்டார். வார்டில் பணியாற்றிவிட்டு வகுப்பறைக்கு வந்தவர். மாணவி எழுதும் எண்ணுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கட்டிலைப் பார்ப்பவர்.

முதலாண்டு மாணவிகள் வீட்டில் பயிற்சி செய்வதற்காக இரண்டு செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கல்லூரி சோதனைக்கு வாங்கியிருந்தது. ஒன்றை மட்டுமே தொடர முடியும். எதை என்று சொல்லும் பொறுப்பு அவருடையது. மாணவிகளுக்கு முதல் கருவிதான் உயிர். அவர்களுள் ஒருத்தி அவருடைய சொந்தத் தங்கை. இதே பாடத்தில் இருமுறை தோற்று, கடைசி வாய்ப்புக்குக் காத்திருப்பவள். புத்தகத்தைக் கண்டாலே எழுந்து போய்க்கொண்டிருந்தவளை மறுபடி உட்கார வைத்தது அந்த முதல் கருவிதான்.

ஆசிரியை கருவிகளிடம் கேள்வி கேட்கவில்லை. பழைய விடைத்தாள்களில் மாணவிகள் செய்திருந்த பிழைகளைத் தம் விடைகளாகக் கொடுத்து, வேண்டுமென்றே பிடிவாதம் பிடித்தார். முடிவைக் கேட்க வந்த முதல்வர் அருகில் நின்று பார்த்தார். நாலு கிலோ குழந்தை. கிலோவுக்குப் பத்து மில்லிகிராம். நானூறு என்று பதிந்தார் ஆசிரியை. நாற்பது என்று முதல் கருவி பணிவாகத் திருத்தியது. "எங்க மேடம் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க" என்று அடுத்துப் பதிந்ததும் அது மன்னிப்புக் கேட்டு, நானூறே சரி என்றது.

"சரியான ஆமாம்சாமியா இருக்கே!" என்று சிரித்த முதல்வர், ஆசிரியையின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ஆனா பிள்ளைங்களுக்குப் பிடிச்சிருக்கு மேடம். ஆர்வமாப் படிக்கிறாங்க."

"பிடிக்காம என்ன சார்? எதைச் சொன்னாலும் தலையாட்டுது. நாளைக்கு ஊசியும் கையுமா நிக்கும்போது யார் தலையாட்டுவாங்க?"

இரண்டாவது கருவி அதே பிடிவாதத்துக்கு மசியவில்லை. குழந்தையின் எடையிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னது. ஆசிரியை அதையே தேர்ந்தார். கையெழுத்திடும்போது தங்கையின் முகம்தான் கண்முன் நின்றது.

வீட்டில் செய்தி அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"ஏன்க்கா, என் பொழப்புல மண்ணள்ளிப் போடணும்னே கிளம்பினியா?"

"அது உன்னை ஏமாத்துதுடி."

"அது என்னைத் திட்டலை. தப்புப் போட்டா நீ பார்க்கிற பார்வை இருக்கே, அதுல போட வந்ததும் மறந்துபோகுது."

வகுப்பில் ஓங்கி ஒலிக்கும் தம் குரலை ஆசிரியை அப்போதுதான் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டார்.

"சரி. புதுசுல ஒரு கணக்குப் போடு. நான் வாயே திறக்கலை."

"உன்னால முடியுமா? பூமி பிளந்துரும்."

ஆனாலும் உட்கார்ந்தாள். ஐந்து மணி நேரத்தில் ஏற வேண்டிய ஐந்நூறு மில்லி குளுக்கோஸ் பாட்டில்; மில்லிக்கு இருபது சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்பது கேள்வி. மணியை நிமிடமாக்க மறந்தாள். இரண்டாயிரம் என்று வந்தது. அக்காவின் உதடு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

கருவி தவறு என்று சொல்லவில்லை. இந்த வேகத்தில் விட்டால் பாட்டில் எவ்வளவு நேரத்தில் தீரும் என்று மட்டும் கேட்டது. தங்கை முணுமுணுத்துக்கொண்டே வகுத்தாள். கை பாதியில் நின்றது.

"அஞ்சு நிமிஷம்" என்றாள் மெதுவாக. பிறகு, "அக்கா, படுத்திருக்கிறவங்க என்ன ஆவாங்க?"

அவளுக்கே விடை தெரியும். ஆசிரியை கொடுத்த வாக்கின்படி பேசாமல் இருந்தார். தங்கை அந்த எண்ணை அழித்துவிட்டு, மணியை நிமிடமாக்குவதிலிருந்து தொடங்கினாள்.