அங்காளம்மா, சேர்த்து அடி

"அங்காளம்மா, சேத்து அடி, அப்பால ஒண்ணு ரெண்டு மூணு!" திண்டிவனத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு தன் வீட்டு வைஃபை பாஸ்வேர்டைத் தெருவுக்கே கேட்கும்படி கத்திய காலை இன்னும் என் காதில் இருக்கிறது. அப்போது என் மகளுக்குப் பள்ளிக்கூடமே போனில்தான் நடந்தது. டேட்டா தீர்ந்து அவள் அழுதது மதிலைத் தாண்டிக் கேட்டுவிட்டது. நான் கேட்கவில்லை, அக்காவாகவே கொடுத்தாள்.

எனக்கு மட்டுமா கொடுத்தாள்? ஆடி மாதம் அவள் ஊற்றும் கேப்பைக் கூழ் வாங்கச் சொம்போடு வந்தவர்கள் எல்லோரும் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டு போனார்கள். இப்படி வாரி இறைக்காதே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "சாமி பேரு வச்சிருக்கேன். அத்த அடிச்சிட்டு எவனாவது தப்பு பண்ணுவானா?" என்று சிரித்தாள். நானும் அந்தச் சாமியைக் கும்பிடுகிறவள்தான்.

அவள் மகன் போலீஸ் வேலைக்குத் தேர்வெழுதி, விழுப்புரத்தில் ஓட்டமும் கயிறு ஏறுவதும் முடித்துத் தேறியிருந்தான். பின்னணி விசாரணை ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து எவனோ ஒருத்தன், ஒரு பெண்ணின் படத்தை அசிங்கமாக மாற்றிப் பொய்ப் பெயரில் பரப்பிவிட்டான். தேடி வந்த போலீஸ் நின்றது அக்கா வீட்டு வாசலில். படம் போனது அவள் வீட்டு வைஃபை வழியாக, இணைப்பு மகன் பெயரில் இருந்தது. "தெருவே யூஸ் பண்ணுதுங்க சார்" என்று அக்கா கதறினாள். வீடு வீடாகக் கேட்டபோது, கூழ் குடித்த தெரு ஒரே குரலில், "எங்களுக்கு இன்னாத்துக்குங்க அடுத்தவங்க நெட்டு?" என்றது. நானும் என் கணவரும் மட்டும் ஸ்டேஷனுக்குப் போய், நாங்களும் பயன்படுத்துகிறோம் என்று சொன்னோம். மற்றவர்கள்மேல் வந்த ஆத்திரம் எனக்கு இன்றும் ஆறவில்லை. கடைசியில் பையன்மேல் தப்பில்லை என்று விட்டுவிட்டார்கள். அதற்குள் பின்னணி விசாரணையில் அவன் பெயரை நீக்கிவிட்டார்கள், அவனோடு தேறியவர்கள் பயிற்சிக்குப் போய்விட்டார்கள். மறுபடி எழுத அவனுக்கு வயதும் தாண்டிவிட்டது. இப்போது ஒரு துணிக்கடையில் நிற்கிறான். செய்தவன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

இன்று தெருவில் வீட்டுக்கு வீடு வைஃபை. போனைத் திறந்தால் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பூட்டு. போன வாரம் மகளுக்குப் போனிலேயே வேலை இன்டர்வியூ. சரியாக அந்த நேரத்தில் எங்கள் இணைப்பு செத்துவிட்டது. அக்காவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் வாசலுக்கும் அறைக்கும் அலைவதைப் பார்த்து அவளே வந்துவிட்டாள். "போனக் குடு" என்று வாங்கி, சுவர்ப் பக்கம் திரும்பி, முந்தானையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.

"என்மேலயும் சந்தேகமாக்கா?"

"ஸ்டேஷன் வரிக்கும் வந்தவ நீதான், மறக்கலடி. ஆனா எவன்னு தெரியாம, எல்லார் மூஞ்சியையும்தான் பாத்துக்கினு இருக்கேன்" என்று போனை நீட்டினாள்.

நெட் வந்துவிட்டது. மகள் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஆரம்பித்தாள். அக்கா என்ன அடித்தாள் என்று எனக்குத் தெரியாது. வெகுநேரம் அடித்தாள், நிச்சயம் அது அங்காளம்மா இல்லை.