மகஜரில் நின்ற புங்கமரம்

காரமடைக்குக் கிழக்கே உள்ள காலனியில் முதல் பட்டதாரி கௌதமன். முதல் போலீஸ்காரனும் அவன்தான். பி.எஸ்சி. கணிதம், முதல் வகுப்பு. அடுத்தவர் வாழைத்தோட்டத்தில் தண்ணீர் கட்டியும் களை வெட்டியும் அப்பாவும் அம்மாவும் வாங்கிக் கொடுத்த பட்டம் அது. அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகிறான் என்று கூடப் பயிற்சி எடுத்தவர்கள் கேலி பேசினார்கள். அதில் பொய்யும் இல்லை.

பயிற்சிப் பள்ளியில் காலையில் கவாத்து, மதியம் சட்டம். சட்டம் எடுத்தவர் எஸ்.ஐ. மயில்சாமி. எடுத்தார் என்று சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதை. அட்டை பிய்ந்த நீளமான நோட்டு ஒன்றை மேசைமேல் விரிப்பார், கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், எழுபது பேர் எழுதுவார்கள். கைதானவனிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தகவல் தர வேண்டும், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். ஊறுகாய்ப் பக்குவம் சொல்வதுபோல ஒரே மூச்சில் முடித்துவிடுவார். ஏன் அப்படி ஒரு சட்டம் வந்தது, யார் யார் முதுகில் அடி விழுந்த பிறகு வந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஒருநாள் பின்வரிசையில் ஒருவன் எழுந்தான். "ஏனுங்க சார், அடிக்கக் கூடாதுன்னு எழுதியாச்சுங்க. அவன் உண்மையைச் சொல்லலீன்னா என்ன பண்றதுங்க?"

மயில்சாமி கண்ணைத் திறக்கவில்லை. "பரீட்சையில அடிக்கக் கூடாது கண்ணு. ஸ்டேஷனுக்குப் போனா உன்ற இன்ஸ்பெக்டரைக் கேட்டுக்க."

வகுப்பே சிரித்தது. கௌதமனும் சிரித்தான்.

மயில்சாமியின் நோட்டில் பெரிய சொத்து ஒன்று இருந்தது. மாதிரி மகஜர். திருட்டுப் பொருளை எந்த இடத்தில், எந்தச் சாட்சிகள் முன்னால் கைப்பற்றினோம் என்று அந்த இடத்திலேயே நின்று எழுதும் ஆவணம்தான் மகஜர். போலீஸிடம் ஒருவன் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. அவன் காட்டிக்கொடுத்து எடுத்த பொருள்தான் அங்கே பேசும். அதனால் திருட்டு வழக்கின் உயிரே அந்தத் தாளில்தான் இருக்கிறது. அந்த உயிரை மயில்சாமி மனப்பாடச் செய்யுளாக்கி வைத்திருந்தார். 'வடபுறம் தெருக்குழாய், மேல்புறம் வயது முதிர்ந்த புங்கமரம், மரத்துக்குத் தெற்கே ஆறடி தூரத்தில் சாக்குப்பையால் மூடப்பட்ட நிலையில்…' இப்படியே போகும். பரீட்சையில் கௌதமன் ஓர் எழுத்து பிசகாமல் எழுதினான். ஐம்பதுக்கு ஐம்பது. 'எனக்கு முன்னால் எவனும் வாங்கியதில்லை' என்று காலனிக்குப் போன் போட்டுச் சொன்னான்.

வேலை, உக்கடம் பக்கத்தில் ஒரு ஸ்டேஷனில் கிடைத்தது. பறிமுதலை மொபைலில் படம் பிடிக்கச் சொல்லும் புதுச் சட்டங்கள் வருவதற்கு முந்தைய வருஷம் அது. ஒரு கடையில் தண்ணீர் மோட்டார் திருட்டுப் போனது. சந்தேகத்தின் பேரில், லேத் பட்டறையில் வேலை பார்த்த இல்யாஸ் என்ற இளைஞனைப் பிடித்து வந்து உட்கார வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் அந்த மோட்டாரைக் கடைக்காரரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். "யாரோ கடை வாசல்லயே போட்டுட்டுப் போயிட்டானுங்க சார்" என்றார்.

இன்ஸ்பெக்டர் மனோஜ்குமாருக்கு இது பெரிய சங்கடம். ஆள் கையில் இருக்கிறான், மோட்டாரும் கையில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. "கௌதமா, நீதான் டிகிரி படிச்சவன். இவன் காட்டிக்குடுத்து இவனூட்டுச் சந்துல எடுத்தமாதிரி ஒரு மகஜர் போடு" என்றார்.

சந்துக்கு ஒருநடை போய்ப் பார்த்தாவது பொய் எழுதியிருக்கலாம். அந்தச் சிரமத்தைக்கூட அவன் எடுத்துக்கொள்ளவில்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஐம்பதுக்கு ஐம்பது வாங்கிய அதே கையால் எழுதினான். எதிர் டீக்கடை மாஸ்டர் வழக்கம்போல வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டம்ளர் கழுவப் போனார். சந்துப் பெயர் மட்டும் புதுசு. குழாய், ஆறடி, சாக்குப்பை எல்லாம் மயில்சாமி உபயம். மரமும்தான்.

இல்யாஸ் பன்னிரண்டு நாள் ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். பட்டறையில் திரும்பச் சேர்க்கவில்லை. வெளிநாட்டு வேலைக்குக் கொடுத்த பாஸ்போர்ட் விண்ணப்பமும் வழக்கு முடியட்டும் என்று நின்றுபோனது. இரண்டு வருஷம் கழித்து விசாரணை வந்தபோது, மகஜர் எழுதிய கௌதமனுக்கும் சம்மன் வந்தது.

முதல் வாய்தா தள்ளிப்போன அன்று கோர்ட் வராந்தாவில் இல்யாஸின் அம்மா நஃபீசா அவன் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க தம்பி, நாப்பது வருஷமா அந்தச் சந்துல இருக்கேன். ரெண்டு பேர் எதிரெதிரா வந்தா ஒருத்தர் ஒதுங்கணும். நீங்க எழுதினதை வக்கீலம்மா படிச்சுச் சொன்னாங்க. அந்தப் புங்கமரத்தை ஒருக்கா வந்து காட்டுங்க. வெயிலுக்கு நானும் நிக்கறேன்."

கௌதமன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிட்டான். ஆனால் மாலையில் தனியாக அந்தச் சந்துக்குப் போனான். இருபுறமும் சுவர். குழாயும் இல்லை. மரம் நிற்பதற்கு மண்ணே இல்லை.

சந்தில் மரமே இல்லை, எழுதியது மயில்சாமியின் மாதிரி என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னான். மனோஜ்குமார் மயில்சாமிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அது என்ற மரமுங்க சார்!" என்றார் மயில்சாமி, காணாமல்போன ஆட்டைக் கண்டவர் மாதிரி. "என்ற முதல் கேஸு, அவிநாசியில. தண்டனை வாங்கிக்குடுத்த மகஜருங்க அது. அதைத்தான் வருஷா வருஷம் சொல்லிக்குடுக்கறேன். இப்பப் புதுச் சட்டம் வந்து செக்‌ஷன் நம்பரெல்லாம் மாத்தி எழுதிட்டேனுங்க. மரத்தை மட்டும் மாத்தலீங்க."

எத்தனை வருஷம், எத்தனை பேர்! ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி என்று எத்தனை ஸ்டேஷனில் இந்த மரம் கிளைவிட்டு நிற்கிறதோ! அந்த ஆளை நினைத்தாலே கௌதமனுக்கு வாயில் கசந்தது. அதே நேரத்தில் அன்றைக்கு வகுப்பில் தான் சிரித்த சிரிப்பும் காதில் கேட்டது. கணிதம் படித்தவன், ஆறடியைக்கூட அளந்து பார்க்காதவன்.

மனோஜ்குமார் போனை வைத்தார். "ரோட்டை அகலப்படுத்தறப்போ வெட்டிட்டாங்கன்னு சொல்லிப்போடு. முடிஞ்சுது."

"ரோடே இல்லீங்க சார். சந்துங்க."

"அப்ப காத்துல விழுந்துபோச்சுன்னு சொல்லு. மரம் விழறதில்லயா? வேலை வேணுமா வேண்டாமா உனக்கு?"

சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தான். இல்யாஸின் வக்கீல் ஃபஹீமா மகஜரை நீட்டினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"இதுல இருக்கிற புங்கமரம் இப்ப எங்க இருக்கு?"

மனோஜ்குமார் பின்பெஞ்சிலிருந்து இருமினார். வாசல் ஓரம் நஃபீசா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"அவிநாசியிலுங்க" என்றான் கௌதமன்.

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நான் அந்த இடத்துக்குப் போகலீங்க, அய்யா. ஸ்டேஷன்ல உக்காந்து, பயிற்சியில மனப்பாடம் பண்ணின மாதிரியை அப்படியே எழுதினேன். மோட்டாரைக் கடைக்காரர்தான் கொண்டுவந்து இறக்கினார். இவர் எதையும் எடுத்துக் குடுக்கலீங்க."

அடுத்த மாதம் இல்யாஸ் விடுதலையானான். நஃபீசா கௌதமனைப் பார்த்தாள். அவள் நன்றி சொல்ல வேண்டியதும் இல்லை.

மனோஜ்குமாருக்கு ஒன்றும் ஆகவில்லை. மயில்சாமி அடுத்த அணிக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். கௌதமனுக்கு மட்டும், ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கையெழுத்து மனோஜ்குமார். படித்துக்கொண்டே வந்தவன் நடுவில் நின்றான். 'குடிபோதையில் கவாத்துக்கு வந்ததோடு' என்று ஒரு வரி.

"ஏனுங்கண்ணா, இதென்னங்க?" என்று மெமோவைத் தட்டச்சு செய்த ஸ்டேஷன் ரைட்டர் சாமுவேலிடம் நீட்டினான். குடியென்றால் காத தூரம் போகிறவன் அவன்.

சாமுவேல் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "அட, அது போன மாசம் வேறொருத்தனுக்கு அடிச்சது கண்ணு. பேரை மட்டும் மாத்திப்போட்டேன். இதுக்கு எதுக்கு மூஞ்சியைத் தூக்கறே? பதிலுக்கும் மாதிரி இருக்குது. மன்னிப்புக் கேட்டு நாலு வரி. பேரை மாத்திக் கையெழுத்துப் போட்டீன்னா சோலி முடிஞ்சுது."

சாமுவேல் நீட்டிய தாளைக் கௌதமன் வாங்கவில்லை. வெள்ளைத்தாள் ஒன்றை உருவி எடுத்து, நின்றபடியே எழுத ஆரம்பித்தான். 'நான் சம்பவ இடத்துக்குப் போகவில்லை. போகச் சொல்லி எனக்கு யாரும் கற்றுத்தரவும் இல்லை. போக வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.'

சாமுவேல் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். "இப்படியெல்லாம் எழுதற வழக்கமே இல்லையே கண்ணு."