டெல்லி நீச்சல் குளத்தின் நீளம்

நாகர்கோவிலில் ரயில் ஏறிய மூன்றாம் நாள் மாலை ஏழரைக்கு நானும் என் மகள் ஜெனியும் டெல்லி நிஜாமுதீன் ஸ்டேஷனில் இறங்கினோம். ஏறக்குறைய இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். மாதா துணையில் வழியில் ஒரு குறையும் இல்லை. என் சகலை சேவியர் சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு காத்து நின்றார். மோதி பாக்கில் அவருடைய குவார்ட்டர்ஸுக்குப் போக ஆட்டோக்காரர் நானூறு கேட்டார். "பையா, நாங்க இங்கதான் இருக்கோம்" என்று சகலை இந்தியில் சொன்ன பிறகு இருநூற்று ஐம்பதுக்கு இறங்கினார்.

நாங்கள் வந்தது இருபத்தைந்து மீட்டர் குளத்தில் நடக்கும் சர்வதேச நீச்சல் போட்டிக்கு. பத்தாம் வகுப்புப் படிக்கும் ஜெனிக்கு இருநூறு மீட்டர். ஊரில் கன்னியர் மடத்துப் பள்ளிக் குளத்தில் அவள் எடுத்த நேரம் இரண்டு நிமிடம் முப்பத்தொரு செகண்ட். அந்த நேரத்தைத் தேர்வு நடத்தியவர்களுக்கு அனுப்பித்தான் இடம் கிடைத்தது. அதற்காக மாதா கோவிலில் நன்றிப் பூசையும் வைத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, பிள்ளைகள் தண்ணீரில் இறங்கும் முன், குளத்தை அளந்தார்கள். சகலை அங்கே நேரம் குறிக்கும் தொண்டர். அதனால் என்னையும் உள்ளே விட்டார்கள். ஒவ்வொரு தடமாகக் கருவி வைத்து அளந்தார்கள். பிறகு, கைபட்டால் கடிகாரம் நிற்கும் பலகைகளைச் சுவரில் மாட்டி மறுபடியும் அளந்தார்கள்.

"நம்ம ஊர்ல கல்யாண வீட்டுக்கு ஆள் எண்ணுறதுகூட இவ்வளவு சுத்தமா இருக்காது" என்றேன்.

"சிரிக்காதீங்கண்ணே. ஒரு விரல்கடை கூடினா விட்டுருவாங்க. மயிரிழை குறையக் கூடாது."

நடைவழியில் இந்தப் போட்டியின் கதையைப் படங்களாக மாட்டியிருந்தார்கள். முழங்கால்வரை உடுப்புப் போட்ட பழைய காலத்து ஆட்கள், புகை மூடிய ஓட்டுக் கூரைக்குள் ஒரு சின்னத் தொட்டி. சகலை நின்று நின்று சொன்னார். குளிர் தேசங்களில் மழையும் பனியும் வந்தால் வெளிக்குளம் உதவாது. அதனால் கூரைக்குள் சின்னக் குளம் கட்டி நீந்தினார்கள். ஒரு ஊரில் கெஜக் கணக்கு, இன்னொரு ஊரில் மீட்டர் கணக்கு. ஒருவன் நேரத்தோடு மற்றவன் நேரத்தை எப்படி ஒப்பிடுவது? இருபத்தைந்து மீட்டர் என்று முடிவாகி, இந்தக் குளத்துக்கென்று தனிச் சாதனைப் பட்டியல் வந்த பிறகுதான் பல தேசத்தாரும் சேர்ந்து நீந்தும் போட்டியாக இது வளர்ந்தது.

"அளவு ஒண்ணா ஆன பெறகுதான்ணே போட்டியே ஒண்ணாச்சு. அச்சா, ஜல்தி வாங்க, டீ ஆறிரும்."

டீ பதினைந்து ரூபாய். என்னால் குடிக்க முடியவில்லை. ஏனென்றால் நான் கொத்தனார். எங்கள் பள்ளிக் குளத்தில் ஒரு பக்கச் சுவர் கசிந்தபோது உள்பக்கமாகப் புதுச் சுவர் கட்டி டைல்ஸ் ஒட்டியவன் நான்தான். "நீளம் குறையுமோ?" என்று தலைமைச் சகோதரி கேட்டதற்கு, "கொஞ்சம்தான்" என்றேன். இரண்டு அடி குறைந்தது. எட்டு நீளத்துக்குப் பதினாறு அடி. ஜெனியின் நேரம் சட்டென்று இறங்கியபோது எனக்குக் காரணம் தெரியும். தெரிந்துதான் பூசை வைத்தேன். தேர்வுப் பட்டியலில் அவளுக்கு அடுத்து இருந்த மதுரைப் பிள்ளை இடம் கிடைக்காமல் வீட்டில் இருக்கிறது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெளியே வந்து வேப்பமரத்தடியில் செபமாலையை எடுத்தேன். பேச வேண்டிய வாயால் செபம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினொன்றே காலுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அனுப்பிய நேரத்தைப் பார்த்து, வேகமான பிள்ளைகளோடு போட்டிருந்தார்கள். மூன்றாவது நீளத்திலேயே பின்தங்கினாள். மற்ற ஏழு பேரும் தொப்பியைக் கழற்றிய பிறகு தனியாக வந்து சுவரைத் தொட்டாள். இரண்டு முப்பத்து மூன்று.

துண்டைப் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்து அழுதாள்.

"கரையாத மக்ளே."

"எல்லாரும் என்ன நம்பி அனுப்புனாங்கப்பா. என் நேரம் எங்க போச்சு?"

"உன் நேரம் கூடல. நம்ம குளம் நீளம் குறைவு. நான் சுவர் கட்டினதுல குறைஞ்சிட்டு. இதுவரைக்கும் நீந்தினதுல நீ இன்னைக்குத்தான் நல்லா நீந்தியிருக்க."

அவள் அழுகை நின்றது. அது நின்ற விதம் எனக்குப் பயமாக இருந்தது.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"கட்டும்போதே."

"அப்போ நா ஜெயிச்சதெல்லாம்?"

பக்கத்தில் நின்ற சகலை, "அண்ணே, இதைப் போய்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் கடிகாரத்தைத் துடைக்கப் போனார்.

அன்று மாலை பள்ளிக்குப் போன் செய்து, குளம் இரண்டு அடி குறைந்ததைத் தலைமைச் சகோதரியிடம் சொன்னேன். தேர்வை நடத்தியவர்களுக்கும் எழுதித் தருவதாகச் சொன்னேன். "எழுதிக் கொடுங்க" என்றார். ஜெனி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சாப்பாட்டுக்கு அவளாக வரவில்லை, சகலை வீட்டம்மா கூட்டிவந்தாள்.

மறுநாள் விடியற்காலை ரயில். டெல்லியில் கோட்டையோ கடைத்தெருவோ எதுவும் பார்க்கவில்லை. படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும், எனக்குச் சொல்ல இருப்பது ஒரு குளம்தான். அங்கே யாரென்றே தெரியாத பிள்ளைகளுக்காக ஒரு குளத்தை இரண்டு தரம் அளக்கிறார்கள். நான் பெற்ற பிள்ளை நீந்தும் குளத்தை ஒரு தரம்கூட உள்ளபடி சொல்லவில்லை.

போபால் தாண்டியதும் நாங்கள் நீச்சல் போட்டிக்குப் போய்த் திரும்புவதைக் கேட்டறிந்த எதிர்சீட்டு மார்த்தாண்டத்து அம்மா, மேல் பெர்த்தில் படுத்திருந்தவளைப் பார்த்து, "டெல்லில என்ன இடம் பிள்ளே?" என்று கேட்டார்.

"எட்டாவது."

"மொத்தம் எத்தன பேரு?"

"எட்டு."

"ஒழுங்கா பழகலியோ?"

ஜெனி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"பிள்ள மேல தப்பில்லம்மா" என்று தொடங்கி, சுவர் கசிந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா முறுக்குப் பொதியை மடியில் வைத்தபடி, "எவ்வளவு குறைஞ்சது?" என்று கேட்டார்.

"ஒரு ஒண்ணரை அடி இருக்கும்" என்றேன்.

மேலேயிருந்து ஜெனி சொன்னாள்: "ரெண்டு அடிப்பா."