ஏழாவது குழியில் எத்தனை அடி?

கண்ணால் பார்த்ததை எழுத வேண்டுமா, எதிரில் நிற்பவர் சொல்வதை எழுத வேண்டுமா? பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தால் முதல் ஆளாகக் கையைத் தூக்கியிருப்பேன். இப்போது எனக்கு இருபத்தாறு வயது, ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. பதில் மட்டும் தெரியவில்லை.

என் கணவருக்கு மட்டாஞ்சேரியில் தேயிலை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. சென்ற வருடம் உதவி மேலாளர் ஆனார். அந்தப் பதவியோடு கோல்ஃப் கிளப்பும் வந்து சேர்ந்தது. முன்பு வெள்ளைக்காரர்கள் மட்டும் ஆடிய இடம் அது. அவர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிப் போனதும், ஆள் இல்லாமல் புல் மண்டிவிடுமே என்று எங்களைப் போன்றவர்களையும் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஆனால் முதல் ஆறு மாதம் தற்காலிகம்தான். அதன் பிறகு கமிட்டி கூடி, வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும். இவருடைய மேலாளர் அந்தக் கமிட்டியில் இருக்கிறார். அங்கே வேண்டாம் என்று சொல்லப்பட்டவர், மறுநாள் ஆபீசில் அதே மேலாளர் முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பார்?

"குடும்பமும் வந்து கலந்துக்கணும்னு செக்ரட்டரி சொல்லிட்டார். செவ்வாக்கிழமை லேடீஸ் ஆட்டத்துக்கு நீ போயாகணும்" என்றார் இவர்.

"குழந்தைக்கு மூக்கு ஒழுகறது. யார் பாத்துப்பா?"

"அம்மா இருக்காளோல்லியோ. பேடிக்காதே. பந்துதானே, கடிக்கவா போறது?"

அடுக்களையிலிருந்து மாமியார் குரல் வந்தது. "வெள்ளைக்காரன் போறச்சே கோலையும் எடுத்துண்டு போயிருக்கப்படாதோ? நம்மாத்துத் தலையில கட்டிட்டுன்னா போயிருக்கான்!"

கிளப் காயலுக்கு நடுவே ஒரு தீவில் இருக்கிறது. படகில் போக வேண்டும். செருப்புக் கூடாது, வெறுங்காலும் கூடாது என்பதால், புடவைக்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூவோடு மிளகு மூட்டைகளுக்கு நடுவே படகுத்துறை வரை நடந்தேன். சுமை தூக்குகிறவர்கள் மூட்டையைத் தோளில் வைத்தபடியே நின்று பார்த்தார்கள். திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு தடவை நின்றேன்.

வராந்தாவில் கண்ணாடிச் சட்டத்துக்குள் விதிகளை மாட்டியிருந்தார்கள். பெண்கள் செவ்வாயும் வியாழனும் காலையில் மட்டும் ஆடலாம். முன்வாசல் வழியே வரக் கூடாது. பின்னால் ஓர் ஆண் தனியாக ஆடிக்கொண்டு வந்தாலும், முன்னால் ஆடும் நான்கு பெண்களும் ஒதுங்கி நின்று அவருக்கு வழி விட வேண்டும். பன்னிரண்டு வயது ஆகாத குழந்தைகள் வராந்தாவைத் தாண்டக் கூடாது. யாரோ பிற்பாடு மசியால், வராந்தாவில் அழவும் கூடாது என்று சேர்த்திருந்தார்கள். நண்டு வளையில் பந்து விழுந்தால் எடுத்து வெளியே வைத்து ஆடலாம். சாணியில் விழுந்தாலும் எடுக்கலாம். மாட்டின் மேல் பட்டால் மட்டும், பட்டு எங்கே விழுகிறதோ அங்கிருந்துதான் ஆட வேண்டும். எங்கள் வீட்டு மடிக்கும் ஆசாரத்துக்குமாவது, மாமியாரைக் கேட்டால் ஏதாவது ஒரு காரணம் சொல்லிவிடுவார். இங்கே காரணம் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் கப்பலேறிவிட்டார்கள்.

எதிலாவது தப்புச் செய்து இவருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்துவிடுவேனோ என்று பயந்து, விதிப் புத்தகத்தை இரவல் வாங்கி வந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் படிப்பதுபோல் மூன்று முறை படித்தேன். படிக்காமல் போயிருந்தால் இன்று இந்தத் தொல்லையே இல்லை.

போன மாதம் பெண்களுக்கான கோப்பை ஆட்டம் நடந்தது. இருவர் இருவராக ஆட வேண்டும். இதில் ஒரு வழக்கம் உண்டு. நம்முடைய அடிகளை நாம் எழுதிக்கொள்ளக் கூடாது. என் கணக்கு அட்டையை என்னோடு ஆடுகிறவர் எழுதுவார், அவருடையதை நான் எழுத வேண்டும். குறைந்த அடிகளில் ஒன்பது குழிகளையும் முடித்தவருக்குக் கோப்பை. என்னோடு ஆட வாய்த்தவர், பெண்கள் பிரிவின் தலைவி. எங்கள் மேலாளரின் மனைவி, சென்னைக்காரர்.

ஏழாவது குழி காயல் ஓரத்தில் இருக்கிறது. அந்த அம்மாள் மட்டையை ஓங்கி ஒரு வீசு வீசினார். புல் பறந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. அடிக்கும் எண்ணத்தோடு வீசினால், பந்தில் பட்டாலும் படாவிட்டாலும் அது ஓர் அடி என்று புத்தகத்தில் இருக்கிறது. அதையும் சேர்த்து ஏழு என்று பென்சிலால் எழுதினேன்.

ஆட்டம் முடிந்து வராந்தாவுக்கு நடக்கும்போது அவர் கேட்டார். "ஏழாவதுல எனக்கு ஆறுதானே?"

"ஏழுன்னு எழுதியிருக்கேன், மேடம்."

"அந்த முதல் வீச்சையுமா சேத்துட்டே? அது சும்மா கையை இளக்கிக்கிட்டதும்மா! பந்தை நினைச்சு வீசினா எனக்குப் படாம போகுமா? எத்தனை வருஷமா ஆடறேன்! நீ நேத்து வந்தவ."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் பென்சிலின் பின்புறத்து ரப்பரால் ஏழை அழித்துவிட்டு ஆறு என்று எழுதினேன். ஒருவேளை கையைத்தான் இளக்கினாரோ? நான் சரியாகப் பார்த்தேனா? குழந்தை பால் குடித்திருக்குமா என்றல்லவா அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன்?

செக்ரட்டரி மலையாளி. கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து அட்டையைப் பார்த்தார். "இவிடே திருத்தியிருக்கே. எழுதின ஆள் பக்கத்துல ஒப்பு இடணும். ஆறா, ஏழா?"

வராந்தாவில் எல்லோரும் திரும்பினார்கள். எல்லோருக்கும் பின்னால், இவருடைய ஆறு மாதமும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

"ஆறு" என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

மேலாளரின் மனைவி ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் கோப்பையை வாங்கினார். இரண்டாவதாக வந்தவர் ஒரு டாக்டரின் மனைவி. ஏழு என்று சொல்லியிருந்தால் இருவரும் சமம். இன்னொரு குழி ஆடித் தீர்த்திருப்பார்கள். அதில் யார் ஜெயித்திருப்பார்கள், யாருக்குத் தெரியும்? எனக்கு இந்தச் சமாதானமும் போதவில்லை. அந்த டாக்டர் வீட்டு அம்மாள் எலுமிச்சைச் சாறும் கையுமாக வந்து, நான் எழுதிய அட்டையைப் பார்த்து, "மோளே, எந்தொரு நல்ல கையெழுத்து!" என்று மெச்சிவிட்டுப் போனார். அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

திரும்பும் படகில், மேலாளர் மனைவியின் மட்டைப் பையைச் சுமந்து வந்த வைப்பின் தீவுக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார். தலை நரைத்தவர். "சேட்டா, ஏழாவது குழியில முதல்ல வீசினது அடிதானே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அவங்க வீசும்போ நான் எப்போழும் காயலையாக்கும் பாக்கறது" என்றார். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் காயலைப் பார்த்தார்.

இத்தோடு போயிருந்தால் விழுங்கியிருப்பேன். மறு வாரம் மேலாளரின் மனைவி எல்லோர் முன்னிலையிலும் என் தோளில் கை வைத்து, "இந்தப் பொண்ணு புரிஞ்சு எழுதறா. இனிமே எல்லாக் கோப்பைக்கும் இவதான் என் கூட ஆடணும்" என்று அறிவித்துவிட்டார். எனக்குக் கிடைத்த முதல் பதவி!

இவரிடம் சொன்னேன். "ஒரு அடிக்கா இத்தனை விசாரம்?" என்றார்.

"அடுத்த தடவையும் அவா காத்தை அடிச்சா?"

"காத்துக்கு யார் கணக்குக் கேக்கறா? கமிட்டி கூடற மாசமாக்கும் இது, ஓர்மை இருக்கா?" என்றவர், பிறகு தானாகவே, "உனக்கு எது சரின்னு படறதோ பண்ணு" என்றார். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. சரி என்று எனக்கு எதுவும் படவில்லை என்பதுதானே என் கஷ்டம்?

அந்த அம்மாள் ஓர் ஆட்டத்தில் ஒரு தடவையாவது காற்றை அடிக்காமல் இருப்பதில்லை. இப்போது அதைப் பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. அடுத்த கோப்பை ஆட்டம் வரும் செவ்வாய்க்கிழமை. கமிட்டி கூடுவது அதற்கு மறு வெள்ளி. குழந்தைக்கு ஜுரம் என்று சொல்லிப் போகாமல் இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அதுவும் பொய், அதிலும் குழந்தையின் பேரில். போய், கண்ணில் பட்டதை எழுதினால் இவருக்கு ஆபத்து. அந்த அம்மாள் சொல்வதை எழுதினால், டாக்டர் வீட்டு அம்மாளின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? முன்கூட்டியே மேலாளரின் மனைவியிடம் தனியாகப் போய், "மேடம், எனக்கு எழுத வராது, வேறு ஆளைப் பாருங்கள்" என்று சொன்னால் எடுபடுமா? அல்லது செக்ரட்டரியிடம் போன மாத ஆறைப் பற்றியே சொல்லிவிடுவதா? கோல்ஃப் தெரிந்தவர்களோ, புருஷனின் மேலதிகாரி வீட்டோடு பழகிச் சமாளிக்கத் தெரிந்தவர்களோ இதைப் படிக்க நேர்ந்தால், என் இடத்தில் இருந்தால் நீங்கள் முதலில் யாரிடம், எந்த வார்த்தையில் பேசுவீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். சீக்கிரம் எழுதினால் உபகாரமாக இருக்கும்.