நாவலில் இறந்துபோன கணவன்

ஏற்காட்டில் ஒரு பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். சேலத்து வாசகர் வட்டத்தில் மலைமேல் குடியிருந்தவள் நான் ஒருத்திதான். கோடை வந்ததும் இலக்கியத்துக்குக் குளிர்காற்று தேவைப்படும். விடுதிக் கூடம் பிடிக்கும் வேலை என் தலையில் விழும்.

அந்த வருடம் பேச எடுத்த நாவல் கொஞ்சம் வில்லங்கமானது. முந்நூறு பக்கத்துக்கு முற்றுப்புள்ளியே கிடையாது. ஒரு வீடு, ஒரு பெண், அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறும் அவள் பெயர். எழுதியவர் சென்னையிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தார். கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்து, பாதி வழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. "ரைட்டர் வரக் கொஞ்சம் நேரமாகுங்க" என்று விடுதி மேலாளரிடம் சொன்னேன். "எந்த எஸ்டேட் ரைட்டருங்க?" என்றார். இங்கே ரைட்டர் என்றால் காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதுகிறவர்.

காத்திருந்த நேரத்தில், மிளகாய் பஜ்ஜி தின்றபடி வட்டத்தார் மனம் திறந்தார்கள்.

"முப்பது பக்கம் தாண்டலைங்க. கண்ணுல தண்ணி வந்துருச்சு" என்றார் வட்டத்தின் தலைவர், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்.

"இது கதைன்னா எங்க ஊட்டு கரண்ட் பில்லும் கதைதானுங்க" என்றார் ஒரு வங்கி அதிகாரி.

நானும் சிரித்தேன். நடுவில் நூறு பக்கம் சுத்த அறுவை. புத்தகத்தை இரண்டு தடவை கட்டிலில் விட்டெறிந்திருக்கிறேன். ஆனால் கடைசி அத்தியாயத்தில் அவள் கணவனுக்குச் சோறு போடுகிறாள், ஊர்க்கதை பேசுகிறாள், சோற்றை அப்படியே வழித்துக் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவுகிறாள். திடுக்கிட்டு முதலிலிருந்து மறுபடி படித்தேன். நாவல் முழுக்க அந்த மனிதன் ஒரு வாய் சாப்பிடவில்லை, ஒரு கதவைத் திறக்கவில்லை.

எழுத்தாளர் வெளிறிப்போய் வந்து சேர்ந்தார். பஜ்ஜி எண்ணெயைத் துடைத்த கைகள் மைக்கைப் பிடித்தன.

"தமிழ் வாக்கியத்தோட முதுகெலும்பையே உடைச்சுட்டீங்க" என்று புகழ்ந்தார் பேராசிரியர். கரண்ட் பில் அதிகாரி நாவலைப் படித்துவிட்டு மூன்று ராத்திரி தூங்கவில்லையாம். எழுத்தாளர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முப்பது பக்கம் படித்தவனுக்கும் முழுதாகப் படித்தவனுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் எதற்காக முந்நூறு பக்கம் எழுதினார் என்று தோன்றியது.

என் முறை வந்தது. "நடுவுல நூறு பக்கம் என்னால தாங்க முடியலைங்க சார். ஆனா ஒண்ணு கேக்கணும். அந்தப் புருஷன் முதல்லயே செத்துப்போனவர்தானுங்களே?"

அவருக்கு முதல் வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது. "சோம்பேறி வாசகர்களுக்காக நான் எழுதுறதில்லைம்மா" என்றார்.

"நவீன எழுத்துக்குக் கொஞ்சம் பயிற்சி வேணும் கண்ணு" என்று பேராசிரியர் எடுத்துக்கொடுத்தார். கூடம் சிரித்தது. எனக்கு நாற்பத்தாறு வயது. மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

கூட்டம் முடிந்து கை கழுவும் இடத்தில் பேராசிரியர் அருகில் வந்தார். குரல் தணிந்திருந்தது. "ஏனுங்க டீச்சர், அந்தாளு நெசமாவே செத்துட்டானுங்களா? எந்தப் பக்கத்துல வருது?"

"எந்தப் பக்கத்துலயும் வராதுங்க. முழுசாப் படிச்சாத்தான் தெரியும்" என்றேன். ஆனாலும் மனசு கேட்காமல், மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொன்றாக விளக்கினேன்.

முழுசாகப் படிக்கும் சிரமத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் முகநூலில் நீண்ட கட்டுரை போட்டார்: இறந்த கணவனுக்குப் பரிமாறும் பெண்ணின் துயரம், சாப்பிடாத சோறு, திறக்காத கதவு. மாடிப்படியில் நான் விளக்கிக்கொண்டே இறங்கிய வரிசை கூட மாறவில்லை. எழுத்தாளர் அதைப் பகிர்ந்து, தன் நாவலுக்குள் நுழைந்த ஒரே வாசகர் இவர்தான் என்று எழுதியிருந்தார். வட்டத்தார் வரிசையாக வந்து கைகூப்பினார்கள். நான் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

போன மாதம் பேராசிரியர் அழைத்தார். நலம் விசாரித்தார், பள்ளியை விசாரித்தார், மழையை விசாரித்தார். பிறகு மெல்ல, "இப்ப ஒரு புது நாவல் வந்திருக்குதுங்களே, எல்லாரும் நொம்பக் கஷ்டம்ங்கறாங்க. முடிச்சுட்டீங்களா? சும்மா கேட்டேன்."

"இன்னும் வாங்கவே இல்லைங்க சார்" என்றேன். கடைசிப் பத்துப் பக்கம் பாக்கி இருந்தது. போனை வைத்துவிட்டு அதைப் படித்து முடித்தேன்.